தோலும் இலச்சினையும்

(ஜோலார்பேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சின்னங்கள்பற்றிப் பேசவேண்டும் என்று இங்குள்ள நண்பர்கள் பணித்தார்கள். எளிய தலைப்பாயிற்றே என்று ஒப்புக்கொண்டேன். வண்டியில் வரும்போது எண்ணிப் பார்த்தேன்; எண்ண எண்ண எளிமை விலகிற்று, சிக்கல் தலைநீட்டிற்று. கொடி என்கிறோம், துணிதானே? இலச்சினை என்கிறோம், உலோகமோ தோலோதானே? சின்னம் என்கிறோம், நாலு கோடு சேர்ந்த படந்தானே? ஆனால் அந்தத் துணிக்காக உயிர் விட்டவர்கள் உண்டு. தோல் துண்டுக்காகக் கோட்டை அதிர்ந்தது உண்டு. நாலு கோட்டுக்காக உச்சநீதிமன்றம்வரை சென்று வழக்காடியவர்கள் உண்டு. துணியிலும் தோலிலும் கோட்டிலும் இல்லாத ஒன்று அவற்றிலே வந்து குடியேறுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? யார் ஏற்றி வைக்கிறார்கள்? ஏற்றி வைத்தவர்களுக்குத் தெரியாமலே அது இறங்கிப் போய்விடுவதும் உண்டா? இவைதாம் என் கேள்விகள்.

இந்தக் கேள்விகளை எழுப்புவதற்கு ஜோலார்பேட்டையைவிடத் தகுந்த ஊர் கிடையாது. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை சேலத்துக்கு ஒன்றாகவும் பெங்களூருக்கு ஒன்றாகவும் பிரிகின்ற சந்திப்பு இது. 1864-ல் பெங்களூர்ப் பாதை திறக்கப்பட்ட நாள் தொட்டு, குறி பார்த்து வாழ்ந்த ஊர் இது. கைகாட்டி மரத்தை இளைஞர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் இடத்தை வண்ண விளக்குகள் பிடித்துக்கொண்டன. முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கை கிடையாக நீண்டிருந்தால், நில்! கை கீழே சாய்ந்தால், செல்! அந்த இரும்புக் கை வண்டியைத் தொடுவதில்லை, தடுப்பதும் இல்லை. அது நிற்பது பாதையின் ஓரத்தில். ஆயினும், ஆயிரம் பேரைச் சுமந்து அனல் கக்கி வரும் வண்டி அதன்முன் அடங்கி நிற்கிறது. இரும்புக்கு அந்த ஆற்றலை அளித்தது எது? கையை இயக்குபவனும் வண்டியை ஓட்டுபவனும் செய்துகொண்ட உடன்பாடு! வேறொன்றும் இல்லை.

சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் செல் என்பது ஏதோ இயற்கையின் கட்டளை என்று நாம் நினைக்கிறோம். அன்று! இங்கிலாந்திலே இரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் சிவப்புக்கு நில், பச்சைக்கு, எச்சரிக்கையோடு வா, வெள்ளைக்குத்தான் செல். அதிலே ஒரு தொல்லை இருந்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்துவிட்டால் உள்ளே எரியும் விளக்கு வெள்ளையாகத் தெரியும்! நில் என்று சொல்லவேண்டிய கம்பம், செல் என்று சொல்லிவிடும்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வெள்ளையை நீக்கினார்கள். பச்சையைச் செல் என்றாக்கினார்கள். பச்சை மாறவில்லை. பச்சையின் பொருள் மாறிற்று.

இதற்கு நம் இலக்கணக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இடுகுறி என்பார்கள். காரணம் இன்றி, முன்னோர் இட்டு வழங்கிய பெயர் இடுகுறி. காரணம் கருதி வந்தது காரணக்குறி. மரம் என்பது இடுகுறி. பறப்பதனால் பறவை என்பது காரணக்குறி. பவணந்தியார் நன்னூலில் வகுத்துக் காட்டிய இந்த வேறுபாட்டை நாம் பள்ளியிலே நெட்டுருப் போட்டோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம். சொற்கள் பொருள்படுவதன் காரணம் வெளிப்பட விளங்காது என்ற கருத்தைத் தொல்காப்பியரும் குறித்து வைத்தார். ஐரோப்பாவிலே, ஜெனிவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்டினாண்டு சசூர் என்பவர், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறியே என்று விரிவாகக் கற்பித்தார். அவர் மறைந்தபின் 1916-ல் அவருடைய பாடங்கள் நூலாக வெளிவந்தன. அந்த நூலின் வழியே ஒரு புதிய கல்வித்துறையே தழைத்தது. நாம் முந்தியா, அவர்கள் முந்தியா என்று மார்தட்டுவதற்காக இதைக் கூறவில்லை. கையில் நல்ல கருவி இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்துவோம் என்பதற்காகவே கூறுகிறேன். ஏனெனில், ஒருவன் இடுகுறி என்று கருதுவதை இன்னொருவன் காரணக்குறியாகக் கொள்ளும்போது என்ன நேரும் என்பதை, இங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய ஓர் இடம் உலகுக்குக் காட்டியது.

வேலூர்க் கோட்டையிலே

1805 நவம்பர்த் திங்களில், சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். சீருடையில் இருக்கும்போது சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடலாகாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழித்துவிட வேண்டும். மீசையை ஓர் அளவாகத் திருத்தவேண்டும். பழைய தலைப்பாகை போயிற்று. புதுமாதிரித் தலைப்பாகை வந்தது. அதன்மேல் ஓர் இலச்சினை. அந்த இலச்சினை தோலால் ஆனது.

தளபதியின் கண்ணுக்கு அது என்ன? படை என்றால் ஒரே தோற்றம் வேண்டும், ஒரே தோற்றத்துக்கு ஒரே தலைப்பாகை வேண்டும், அவ்வளவே. அதாவது, இடுகுறி! ஆனால் சிப்பாயின் கண்ணுக்கோ, அதன் வடிவம் வெள்ளையர் அணியும் தொப்பியை நினைவூட்டியது. தொப்பிக்காரன் என்றால் வெள்ளைக்காரன் என்று பொருள்பட்டிருந்த நாடு இது. தலையில் தொப்பி ஏறினால், அடுத்து மதமும் மாறும் என்று ஊரார் ஏசுவார்கள். தோலோ, பசுவின் தோலா, பன்றியின் தோலா? ஐயம் எழுந்தது. நெற்றிக்குறியை அழி, கடுக்கனைக் கழற்று, தொப்பியைப் போடு என்று மூன்றையும் சேர்த்துப் படித்தான் சிப்பாய். அவன் படித்த வாக்கியம் தளபதி எழுதிய வாக்கியம் அன்று. ஆனால் எழுத்துகள் அவையேதாம்!

1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். இருபத்தொருவரைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் கசையடி தந்து வேலையிலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். அடங்கிற்று என்று நினைத்தது கம்பெனி சர்க்கார். ஜூலை 10, விடியுமுன் வெடித்தது! கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயப் பட்டாளத்தில் நூற்றுவருக்கு மேல் மாண்டனர். கோட்டையின்மேல் மைசூர்ச் சுல்தானின் கொடி ஏறிற்று. திப்பு களத்தில் வீழ்ந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மக்கள் அந்தக் கோட்டையிலேதான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற தளபதி குதிரைப் படையோடு பாய்ந்து வந்தான். அன்றே எழுச்சி அடக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் மடிந்தவர்கள் அதனினும் பலமடங்கு. அடுத்த ஆண்டு ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது.

தலைப்பாகை ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. குறைந்த ஊதியம், வெள்ளை அதிகாரிகளின் ஏளனம், ஆட்சியை இழந்த திப்பு குடும்பத்தாரின் ஏக்கம் எல்லாம் இருந்தன. வரலாற்றாசிரியர்கள் அவற்றை விரித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஊதியக் குறைவு ஓராண்டிலே வந்ததா? ஏளனம் அன்றுதான் தொடங்கியதா? பல்லாண்டுகள் மனத்துக்குள் தனித்தனியாகக் கிடந்த குறைகள் அத்தனையும் ஒன்றுகூடுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடமாக வந்து வாய்த்தது அந்தத் தோல் இலச்சினை. சின்னம் செய்கின்ற வேலையே அதுதான். பேசத் தெரியாதவனுக்கு அது வாக்கியம். பிரிந்து நிற்பவர்களுக்கு அது கூடுமிடம். ஐம்பத்தோர் ஆண்டு கழித்து, வட நாட்டிலே, கொழுப்புத் தடவிய தோட்டாவை வைத்து இதே பாடம் மீண்டும் நடத்தப்பட்டது. வேலூரிலேயே படித்திருக்கலாம், படிக்கவில்லை.

தோலுக்கு யார் பொருள் சொன்னது?

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். தோலிலே கை வைத்துப் பிழைக்கும் உங்கள் முன்னிலையில் இதை மறைத்துவிட்டுப் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன்.

வேலூர் வீரர்களைப் போற்றுகிறோம். போற்றவேண்டியதுதான். ஆனால் தோல் தலையில் ஏறுவது இழிவு என்று அவர்களில் பலர் கொதித்தார்களே, அந்தக் கொதிப்புக்குள் யாருக்கு எதிரான அருவருப்பு மறைந்திருந்தது? பசு என்பதும் பன்றி என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தோலை உரித்தவன் ஒருவன், பதனிட்டவன் ஒருவன், வெட்டித் தைத்தவன் ஒருவன் இருந்திருப்பானே! அவன் கை பட்டது என்பதும் அந்த இழிவிலே ஒரு பங்குதானே? வெள்ளையனின் ஆணையை எதிர்த்த அந்தக் கொந்தளிப்பின் அடியிலே, நம் சேரியின்மேல் நாமே சுமத்திய ஓர் இலச்சினையும் கிடந்தது. அதை எழுதியவன் கிரடாக் அல்லன்.

தோல் இழிந்தது என்பது காரணக்குறியா? இயற்கையிலேயே அப்படியா? சங்க காலத்தைக் கேளுங்கள். மன்னனுடைய வீரமுரசு எதனால் போர்த்தப்பட்டது? போரிட்டு வென்ற காளையின் தோலால்! அந்தத் தோலுக்கு மாலை சூட்டினார்கள். நீராட்ட எடுத்துச் சென்றார்கள். அது வீற்றிருக்கத் தனியாக ஒரு கட்டில் செய்தார்கள். அரசின் உயிரே அந்தத் தோலில் இருப்பதாக நம்பினார்கள். அதே விலங்கு, அதே தோல். முரசிலே போர்த்தினால் தெய்வம். பறையிலே போர்த்தினால் தீட்டு! இதைவிட வெட்டவெளிச்சமான இடுகுறி உலகில் வேறு உண்டா? இட்டவர்கள் மனிதர்கள். மனிதர் இட்டதை மனிதர் மாற்றலாம். பச்சை விளக்கின் பொருளை மாற்றவில்லையா?

இன்றைக்கும் பாருங்கள். ஆம்பூரில் தைத்த காலணி கடல் கடந்து போகிறது. கண்ணாடிப் பேழையிலே வைத்து விற்கிறார்கள். உள்ளே ஒரு முத்திரை இருக்கும். அது அயல்நாட்டு வணிக நிறுவனத்தின் பெயர். அந்த முத்திரைக்காக வாங்குபவன் கூடுதல் விலை தருகிறான். தைத்த பெண்ணின் விரல்பட்ட அடையாளம் அதிலே எங்கும் கிடையாது. ஒரே பொருள், செய்தவளுக்கு ஒரு குறி, விற்பவனுக்கு ஒரு குறி. இதுபற்றி இன்னும் பேசலாம்; வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

முரசைச் சொன்னேன். முரசுகட்டிலைப்பற்றி ஒரு நிகழ்ச்சி புறநானூற்றில் இருக்கிறது. அதன் தலைவன் நம் பக்கத்துத் தகடூரை, இன்றைய தருமபுரியை, வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை. முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். களைத்து வந்த மோசிகீரனார் என்ற புலவர், அது என்ன கட்டில் என்று அறியாமல் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். முரசுகட்டிலைத் தீண்டியவனை வாளால் வெட்டுவது அன்றைய முறை. அரசன் வந்தான், பார்த்தான். வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்தான்! புலவர் விழிக்கும்வரை நின்று வீசினான்.

நன்னன் என்று இன்னொருவன் இருந்தான். (செங்கத்துப் பக்கம் ஆண்ட, மலைபடுகடாம் பாடுகின்ற நன்னனோடு இவனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவனுக்குக் காவல்மரம் ஒரு மாமரம். காவல்மரம் என்றால் அரசின் சின்னம். அதிலிருந்து விழுந்து ஆற்றுநீரில் மிதந்து வந்த ஒரு காயை, நீராடச் சென்ற பெண்ணொருத்தி எடுத்துத் தின்றுவிட்டாள். கொலைத் தண்டனை! எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்கு எடை பொன்னால் ஒரு பாவையும் தருகிறோம் என்று உற்றார் கெஞ்சினார்கள். நன்னன் இரங்கவில்லை. பரணர் இதைக் குறுந்தொகையில் பதித்து வைத்தார். பின்னாளில் அவன் வழிவந்தவன் ஒருவனைத் தழுவவும் மறுத்தார் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர். நன்னன் தன் சின்னத்தின் பெருமையைக் காத்தான். சின்னமோ அவன் குலத்துக்கே பழிச்சின்னம் ஆயிற்று.

பெட்டியும் படமும்

நமக்கு மரமும் முரசும் இல்லை. வாக்குச்சாவடியும் தேர்தல் சின்னமும் இருக்கின்றன. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் நிறப் பெட்டிகள் வைத்தார்கள். சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்த காலம் அது. காங்கிரசுக்கு வாய்த்தது மஞ்சள் பெட்டி. அதிகாரிகள் கணக்கில் மஞ்சள் ஒரு நிறம், அவ்வளவே. ஆனால் மஞ்சள் இந்த மண்ணிலே வெறும் நிறமா? பொங்கல் பானையில் மஞ்சள், தாலிக் கயிற்றில் மஞ்சள், பேறுகாலத்தில் மஞ்சள். மஞ்சள் பெட்டி, மஞ்சள் பெட்டி என்று மேடைதோறும் முழங்கினார்கள். 215 இடங்களில் 159 அவர்களுக்கு. நிறமே வென்றது என்று சொல்லமாட்டேன். நிறம் நன்றாக உழைத்தது என்று சொல்வேன்.

1951-52 பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள்; நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதவர்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின்மேல் படம் என்று ஏற்பாடு செய்தார். எழுத்தறியாதவன் ஆளத் தகுதியற்றவன் என்று உலகத்துப் பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், எழுத்து வேண்டாம், கண் போதும் என்று ஆக்கியது அந்தப் படம். குடிசையில் இருந்தவனை நாட்டின் எசமானன் ஆக்கிய படம் அது. கேலி பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆயினும் படத்துக்குத் தனியாக ஒரு கொள்கை உண்டா? 1952-ல் மனிதக் கை யாருடைய சின்னம் தெரியுமா? பார்வர்டு பிளாக்கின் ரூய்கர் பிரிவுக்கு! 1978-க்குப் பின் அதே கை இந்திரா காங்கிரசின் சின்னமாயிற்று. 1969-ல் காங்கிரசு பிளந்தபோது நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை யாருக்கு என்று பெரும் வழக்கு. 1971 தேர்தலை இரு தரப்பும் அந்தக் காளை இல்லாமலே சந்தித்தன. பசுவும் கன்றும் என்ற புத்தம்புதுப் படத்தோடு நின்ற தரப்பு பெருவெற்றி பெற்றது! இருபது ஆண்டுப் பழக்கமுள்ள காளையைவிட, சில வாரம் பழகிய கன்று கூடுதல் சுமை தூக்கிற்று. ஏன்? வறுமையை ஒழிப்போம் என்று சொன்ன சொல்லை மக்கள் அந்தப் படத்திலே ஏற்றினார்கள். அந்த வழக்கிலே அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்புக் கூறிய உச்சநீதிமன்றம், சின்னம் என்பது பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்ளும் சொத்து அன்று என்றது. சட்டத்துக்காகச் சொன்னது, தத்துவத்துக்கும் பொருந்துகிறது.

சின்னம் நம்முடையது என்கிறோம். படம் நம்முடையது, பொருள் பார்ப்பவனுடையது. கிரடாக் தெரிந்துகொள்ளாதது இது.

இனிக் கைகாட்டிக்குத் திரும்புகிறேன். இரயில்வேத் தோழர்களுக்குத் தெரியும். கைகாட்டியின் கையைத் தொலைவிலிருந்து ஒரு கம்பி இழுக்கிறது. அந்தக் கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? கை அப்படியே சாய்ந்து கிடந்து, செல் செல் என்று பொய் சொல்லுமா? சொல்லாது. எதிர் எடை ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். கம்பி அறுந்த நொடியில் கை தானே நிமிர்ந்து, நில் என்று காட்டிவிடும். பிழை நேர்ந்தாலும் ஆபத்தைச் சொல்லும் பக்கமாகவே நேரவேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் அறிவு. அரசியலில் நாம் நாட்டியிருக்கும் சின்னங்களுக்கு அந்த எதிர் எடை கிடையாது, தோழர்களே! மக்களோடு கட்டிய கம்பி அறுந்து ஆண்டுக்கணக்கானாலும் சுவரிலே வண்ணம் மங்காது. கொடிக்கம்பத்திலே துணி பறந்துகொண்டேயிருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது, வா, வா என்று நமக்கே அது கைகாட்டும். நாமும் முழுவேகத்தில் போவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தேர்தல் வேலையாக, பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றுக்குச் சில இளைஞர்களோடு போயிருந்தேன். சுண்ணாம்பும் தூரிகையும் கையில். கடைசி வீட்டில் ஒரு மூதாட்டி. தோல் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்ந்தவர். கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. "ஆயா, செவுத்துல நம்ம சின்னத்த எழுதிக்கலாமா?" என்று பையன் கேட்டான். அவர் மறுக்கவில்லை. எழுந்து வந்து பக்கத்துச் சுவரைக் காட்டினார். பாதிச் சுவர் சரிந்து கிடந்தது. மீதிப் பாதியில் பழைய சின்னத்தின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது.

"போன தபா எழுதுனது தம்பி. அந்த மழையில எழுதுன பக்கமாத்தான் இடிஞ்சி வுழுந்திச்சி. ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல. இப்ப எழுதணும்னா, மொதல்ல செவுத்த எடுத்துட்டு எழுதுங்க."

தூரிகையை வாளியில் போட்டுவிட்டு, மண்ணுக்கும் செங்கல்லுக்கும் ஆள் அனுப்பினோம். சுவர் எழ நான்கு நாளாயிற்று. அவ்வூரில் அதற்குமேல் எழுத நேரம் கிடைக்கவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடித் தோழர்களுக்கு வண்டி நேரம் நெருங்குகிறது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.